கானாங்கோழி நட்ட கோரைத் தண்டு

மருதங்குளத்தின் கிழக்குக் கரையோரம் தண்ணீருக்குள் ஒரு கோரைப் புதர் இருந்தது. அந்தப் புதருக்குள் வடிவு என்ற கானாங்கோழி கூடு கட்டி, ஆறு முட்டைகளை அடைகாத்துக்கொண்டிருந்தது. முட்டை பொரிய இன்னும் பதினைந்து நாள் இருந்தது.

வடிவுக்குக் கூச்சம் அதிகம். கரையில் யாராவது நடந்தால் போதும், கழுத்தை உள்ளே இழுத்துக்கொள்ளும். கூட்டம் கூடினால் அந்தப் பக்கமே தலைகாட்டாது. அதன் வீட்டுக்காரர் வெள்ளைச்சாமி அதற்கு நேர் எதிர். விடிந்ததும் அது குரல் கொடுக்கத் தொடங்கினால் எதிர்க்கரை வரைக்கும் கேட்கும்.

அன்றைக்கு வெள்ளைச்சாமி வாயில் ஒரு புழுவோடு வேகமாக வந்தது.

"வடிவு! இன்னும் மூணு நாள்ல தடநாள்! நாம யாருக்குன்னு நான் முடிவு பண்ணிட்டேன்!"

"நாமன்னா? எனக்கும் சேர்த்தா?"

"பின்னே? நீ என்ன தனிக் குளத்துலயா இருக்கே?"

வடிவு புழுவை வாங்கித் தின்றது.

தடநாள் என்பது அந்தக் குளத்தின் வழக்கம். குளத்துக்கு ஒரு மடை உண்டு. இரண்டு பாறைகளுக்கு நடுவே ஒரு சந்து, அவ்வளவுதான். அதைக் கட்டையும் மண்ணும் போட்டு அடைத்தால் குளத்தில் தண்ணீர் ஏறும். திறந்துவிட்டால் தண்ணீர் வடிந்து கீழ்க்காட்டுக்குப் போகும். அந்த மடை யார் பொறுப்பில் இருக்க வேண்டும் என்று வருஷத்துக்கு ஒரு தடவை எல்லா உயிர்களும் கூடித் தேர்ந்தெடுக்கும்.

மருத மரத்தடியில் தட்டி கட்டி, அதற்குப் பின்னால் இரண்டு சேற்றுப் பாத்தி போட்டு வைப்பார்கள். இடது பாத்தி நீர்நாய்க் கட்சிக்கு. வலது பாத்தி கடமான் கட்சிக்கு. தட்டிக்குப் பின்னால் போய், பிடித்த பக்கத்துச் சேற்றில் ஒரு கால் பதித்துவிட்டு வர வேண்டும். அதுதான் ஓட்டு. காலில்லாத பாம்பு வால் நுனியால் ஒரு குத்துக் குத்தும். யானை மட்டும் கடைசியில்தான் போக வேண்டும். ஏனென்றால் ஒரு வருஷம் அது நடுவில் போய், தன் ஒரு ஓட்டால் பன்னிரண்டு பேர் ஓட்டை அமுக்கிவிட்டது! எண்ணிச் சொல்வது ஆமை அம்பலவாணர். அவர் எண்ணி முடிப்பதற்குள் பாதிப் பேர் வீட்டுக்குப் போய்விடுவார்கள்.

இந்த வருஷம் நீர்நாய்க் கட்சிக்குத் தலைவர் நீலமேகம். "மடையை அடைப்போம்! குளத்தை நிறைப்போம்!" என்பது அதன் பேச்சு. கடமான் கட்சிக்குத் தலைவர் கொம்பையா. "மடையைத் திறப்போம், கீழ்க்காட்டுக்கும் தண்ணீர் கொடுப்போம்" என்பது அதன் பேச்சு. மடை இப்போது பாதி மூடி, பாதி திறந்து கிடந்தது. வருகிற தண்ணீரும் போகிற தண்ணீரும் சரிக்குச் சரியாக இருந்ததால், வடிவின் கூட்டுக்கு நாலு விரல் கீழே தண்ணீர் அசையாமல் நின்றது.

அந்த நாலு விரல்தான் வடிவின் கவலை. தண்ணீர் ஏறினால் கூடு மூழ்கும். முட்டை போய்விடும். தண்ணீர் இறங்கினால் புதரைச் சுற்றித் தரை வந்துவிடும். தரை வந்தால் கீரி வந்துவிடும். அப்போதும் முட்டை போய்விடும்.

"நீங்க யாருக்குன்னு முடிவு பண்ணீங்க?" என்று கேட்டது வடிவு.

"இதுல என்ன யோசனை? நீலமேகம் அண்ணாச்சிக்குத்தான்! அவரும் தண்ணியில இருக்கறவர், நாமளும் தண்ணியில இருக்கறவங்க. மான் மேட்டுல இருக்கறது. அதுக்கு நம்ம கஷ்டம் என்ன தெரியும்?"

"தண்ணி ஏறினா நம்ம கூடு என்ன ஆகும்?"

"அதெல்லாம் அவர் பார்த்துக்குவார்!"

"என்ன பார்த்துக்குவார்?"

"பார்த்துக்குவார்னா பார்த்துக்குவார். சும்மா நோண்டி நோண்டிக் கேட்காதே!"

வெள்ளைச்சாமி வாலை ஆட்டிக்கொண்டு போய்விட்டது. வடிவு முட்டைகளை ஒவ்வொன்றாகப் புரட்டி வைத்தது. மனசு மட்டும் எந்தப் பக்கமும் புரளவில்லை.

மறுநாள் காலையில் நீலமேகமே ஓட்டுக் கேட்டு வந்தது. பளபள என்ற உடம்பு. தண்ணீரில் வருவதே தெரியாமல் வழுக்கிக்கொண்டு வந்து, புதருக்கு முன்னால் தலையைத் தூக்கியது.

"தங்கச்சி! சௌக்கியமா? ஆறு முட்டையா? அடடா! ஆறும் ஆறு ராசா மாதிரி வரும்!"

வடிவுக்கு வெட்கமாகப் போய்விட்டது. ஆனாலும் முட்டை வயிற்றுக்குக் கீழே இருந்தது. அது பேச வைத்தது.

"அண்ணாச்சி, ஒண்ணு கேட்கலாமா?"

"நூறு கேளு!"

"நீங்க மடையை அடைச்சா, தண்ணி எதுவரைக்கும் வந்து நிக்கும்?"

நீலமேகம் மீசையைத் தடவிக்கொண்டு சிரித்தது.

"உனக்கு எதுவரைக்கும் வேணும்?"

"இப்ப நிக்கற இடத்துலயே நின்னா நல்லது. இதுக்கு மேல ஏறினா கூடு போயிரும்."

"அவ்வளவுதானே! இந்த இடத்துலயே நிக்கும். ஒரு சொட்டு ஏறாது! ஒரு சொட்டு இறங்காது! நான் சொன்னா சொன்னதுதான்!"

வடிவுக்குக் கண் கலங்கிவிட்டது. "ரொம்பப் பெரிய மனசு அண்ணாச்சி" என்றது. நீலமேகம் ஒரு முங்கு முங்கி அடுத்த புதருக்குப் போய்விட்டது.

மத்தியானம் கொம்பையா வந்தது. நீலமேகத்தைப் போல அதற்குப் பேச வராது. கரையில் நின்று, "கடமான் கட்சி. வலது பாத்தி" என்று மட்டும் சொல்லிவிட்டுப் புல்லை மென்றது.

வடிவு அதே கேள்வியைக் கேட்டது. "ஐயா, நீங்க மடையைத் திறந்தா தண்ணி எதுவரைக்கும் இறங்கும்?"

கொம்பையா தண்ணீருக்குள் இறங்கியது. இங்கும் அங்கும் நடந்து பார்த்தது. முழங்கால் நனைகிற ஒரு இடத்தில் போய் நின்றது.

"இங்க வரைக்கும் இறங்கும்."

வடிவு எட்டிப் பார்த்தது. அது புதரைத் தாண்டி வெகு தூரம்.

"அப்போ எங்க புதர் தரையில நிக்குமே! கீரி நடந்தே வந்துருமே!"

"வரும்."

"பதினஞ்சு நாள் கழிச்சுத் திறக்கக் கூடாதா? குஞ்சு பொரிச்சுரும் ஐயா."

"கீழ்க்காட்டுல குட்டை வத்திப் போச்சு. மான் கன்னுக்குட்டிங்க சேத்தை நக்கிக்கிட்டுக் கிடக்கு. பதினஞ்சு நாள் தாங்காது."

"அப்போ என் முட்டை?"

கொம்பையா புதரை ஒரு தடவை பார்த்தது. "அதுக்கு நான் ஒண்ணும் சொல்ல முடியாது தாயி" என்று சொல்லிவிட்டு மேடேறிப் போய்விட்டது.

இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்த வெள்ளைச்சாமி றெக்கையை அடித்துக்கொண்டு சிரித்தது. "பார்த்தியா! ஓட்டுக் கேட்க வந்த இடத்துல கீரி வரும்னு சொல்லிட்டுப் போகுது! இதுக்கெல்லாம் யாராவது ஓட்டுப் போடுவாங்களா? இப்பவாவது நான் சொன்னதுதான் சரின்னு ஒத்துக்கோ!"

வடிவுக்கும் கோபம்தான். வந்தோமா, நல்லதாக நாலு வார்த்தை சொன்னோமா என்று இல்லாமல், இப்படியா மனசை நோக வைப்பது? நீலமேகம் அண்ணாச்சிக்கே போட்டுவிடலாம் என்று அப்போதே பாதி முடிவு செய்துவிட்டது.

சாயங்காலம் வெள்ளைச்சாமி அடையில் உட்கார்ந்தது. வடிவு இரை தேடக் கரையேறியது. கொஞ்சம் மேட்டில் ஒரு குழி. அதில் மாரிக்கனி என்ற தவளை முட்டையிட்டு வைத்திருந்தது. குழியில் தண்ணீர் உள்ளங்கை அளவுதான் இருந்தது. ஆனால் மாரிக்கனி குஷியாக இருந்தது.

"வா மதினி! எனக்கு இனிமே கவலையே இல்லை!"

"என்ன விஷயம்?"

"காலையில நீலமேகம் அண்ணாச்சி வந்தாரு. 'உனக்கு எதுவரைக்கும் தண்ணி வேணும்'னு கேட்டாரு. இந்தக் குழி நிறையணும்னேன். 'மூணே நாள்ல நிறையும், நான் சொன்னா சொன்னதுதான்'னுட்டாரு!"

வடிவு கொத்திய நத்தையைக் கீழே போட்டது. குழியைப் பார்த்தது. திரும்பிக் கீழே தன் புதரைப் பார்த்தது. மறுபடியும் குழியைப் பார்த்தது.

"மாரிக்கனி, உன் குழி மேல இருக்கு. என் கூடு கீழ இருக்கு."

"அதுக்கு?"

"உன் குழி நிறையணும்னா என் கூடு முங்கணுமே! என் கூட்டுக்கிட்ட ஒரு சொட்டு ஏறாதுன்னு எனக்குச் சொன்னாரே!"

மாரிக்கனிக்கு மூக்கு விடைத்தது. "அப்படீன்னா என்ன சொல்றே? அண்ணாச்சி பொய் சொல்றாருங்கிறியா? உனக்கு நல்லது நடந்தாப் போதும், என் பிள்ளைங்க காய்ஞ்சு சாகணுமா?"

"ஐயோ, நான் அப்படிச் சொல்லலை!"

"பின்னே எப்படிச் சொன்னே? வாயில்லாப் பூச்சின்னு நினைச்சேன். வாய் இருக்கே உனக்கு!"

வடிவு வாடிப்போய் விலகி நின்றது. சண்டை போட அதற்குத் தெரியாது. ஆனால் மனசுக்குள் ஒன்று அரித்துக்கொண்டே இருந்தது. அது ஒரு கோரைத் தண்டைப் பிடுங்கிக் குழியின் விளிம்பில் நட்டது. இன்னொரு தண்டைப் பிடுங்கிப் புதரின் ஓரத்தில் நட்டது. பிறகு தள்ளி நின்று பார்த்தது. ஒரு தண்டு உயரத்தில். ஒரு தண்டு பள்ளத்தில்.

அந்த வழியாக ஒரு முயல் வந்தது. கரை மண்ணில் வளை வைத்திருக்கும் முயல்.

"இது என்ன விளையாட்டு?"

வடிவு தயங்கித் தயங்கிச் சொன்னது. "நீலமேகம் அண்ணாச்சி எனக்குச் சொன்ன தண்ணி அந்தத் தண்டு வரைக்கும். மாரிக்கனிக்குச் சொன்ன தண்ணி இந்தத் தண்டு வரைக்கும்."

முயல் காதை நிமிர்த்தியது. "அட! என் வளைக்கு ஒரு முழம் கீழேயே நிக்கும்னு எனக்குச் சொன்னாரே!" என்றது. அதுவும் ஒரு தண்டைப் பிடுங்கித் தன் இடத்தில் நட்டது.

கொக்கு வந்தது. "ஆழம் இருந்தா எனக்கு மீன் பிடிக்க முடியாது, முழங்கால் தண்ணிதான் நிக்கும்னு சொல்லியிருக்கார்" என்று பள்ளத்தில் ஒரு தண்டு நட்டது. நீர்க்காகம் வந்தது. "முழங்காலா! மருத மரத்து வேர் முங்கற அளவுக்கு ஆழம் தர்றேன்னு என்கிட்ட சொன்னாரே!" என்று மேட்டில் மரத்தடியில் ஒரு தண்டு நட்டது. கொக்கும் நீர்க்காகமும் ஒன்றை ஒன்று முறைத்துப் பார்த்துக்கொண்டன.

விஷயம் பரவிவிட்டது. ஒவ்வொன்றாக வந்து தண்டு நட்டன. மாரிக்கனிகூட, "நானும் பார்க்கத்தான் வந்தேன், உனக்காக இல்லை" என்று சொல்லிக்கொண்டு வந்து நின்றது.

"மானு சொன்னதுக்கும் நடணும்" என்றது வடிவு. "ஒருத்தருக்கு மட்டும் நட்டா நியாயமில்லை."

மான் சொன்ன இடத்துக்குத் தண்டின் தலையில் ஒரு முடிச்சுப் போட்டு நட்டார்கள். வடிவு கொம்பையா நின்ற இடத்தில் ஒன்று நட்டது. கொக்கு ஒன்று நட்டது. முயல் ஒன்று நட்டது. நடும்போது எல்லாரும் முணுமுணுத்தார்கள். "எங்க பக்கம் காய்ஞ்சுரும்னு மூஞ்சிக்கு நேரா சொல்லிச்சு!" "எனக்கும் அப்படித்தான்! ஒரு மரியாதை தெரியாது அதுக்கு!"

பொழுது சாய்வதற்குள் கரை முழுக்கத் தண்டுகள். நீலமேகம் சொன்ன தண்டுகள் மேட்டிலும் பள்ளத்திலும், மரத்தடியிலும் மடைக்குப் பக்கத்திலும், காற்றில் கலைந்த தலைமுடிபோலக் கண்டபடி நின்றன. கொம்பையா சொன்ன முடிச்சுத் தண்டுகள் கீழே பள்ளத்தில் ஒரே வரிசையில் நின்றன. அந்த வரிசை யாருக்கும் பிடிக்கவில்லை. ஆனால் அது வரிசையாக இருந்தது.

மறுநாள் காலையில் நீலமேகம் வந்தது. தண்டுகளைப் பார்த்தது.

"யார் பார்த்த வேலை இது?"

எல்லாரும் வானத்தைப் பார்த்தார்கள். வடிவு புதருக்குள் ஓடிவிடலாம் என்றுகூட நினைத்தது. ஆனால் ஓடிப்போய் உட்காருகிற இடத்திலும் அந்த ஆறு முட்டைதானே இருக்கும்?

"நான்தான் அண்ணாச்சி" என்றது. குரலே வெளியே வரவில்லை. இன்னொரு தடவை சொன்னது. "நான்தான். குளம் ஒண்ணு. தண்ணியும் ஒண்ணு. இதுல எந்தத் தண்டுல வந்து நிக்கும்?"

நீலமேகம் பெரிதாகச் சிரித்தது. "இதுதானா! எல்லாத் தண்டுலயும் நிக்கும்!"

கூட்டத்தில் சிலர் கை தட்டிவிட்டார்கள்! வெள்ளைச்சாமியும் தட்டியது. தட்டிய பிறகுதான், என்ன சொன்னார் என்று யோசித்தது.

"எல்லாத் தண்டுலயும் எப்படி அண்ணாச்சி நிக்கும்?" என்றது முயல். "மரத்தடியில தண்ணி நின்னா நான் வளைக்குள்ளயே நீச்சலா அடிக்க முடியும்?"

"என் கால் நீளம் என்ன, அந்த மரத்து உயரம் என்ன!" என்றது கொக்கு.

"அதெல்லாம் ஜெயிச்ச பிறகு உட்கார்ந்து பேசிக்கலாம்" என்றது நீலமேகம். "முதல்ல மூணு நாள் அடைச்சுப் பார்ப்போம். எங்க நிக்குதோ அங்க நிக்கட்டும். நல்ல மனசு இருந்தா எல்லாம் நல்லதாவே நடக்கும்!"

"எங்க நிக்கும்னு உங்களுக்கே தெரியாதா?" என்று வடிவு கேட்டது.

நீலமேகத்துக்கு அவசரமாக வேறு கரையில் வேலை வந்துவிட்டது. முங்கிப் போய்விட்டது.

கொம்பையா மேட்டிலிருந்து இறங்கி வந்தது. முடிச்சுத் தண்டுகளை ஒரு முறை பார்த்தது. "சரிதான், இங்கதான் நிக்கும்" என்றது.

"அடேயப்பா! மாத்திச் சொல்லவே மாட்டீரா?" என்று நீர்க்காகம் கத்தியது. "ஒரு ஓட்டாவது வேண்டாமா உமக்கு?"

"வேணும். அதுக்காகத் தண்ணி எங்கிட்ட வந்து கேட்டுக்கிட்டா நிக்கும்?"

வடிவு மெல்ல முன்னால் வந்தது. "ஐயா, எந்த நாள் எங்க புதரை விட்டுத் தண்ணி விலகும்? அதையாவது சொல்ல முடியுமா?"

"அது சொல்லலாம்" என்றது கொம்பையா. மடையைப் பார்த்து, குளத்துக்குத் தண்ணீர் வருகிற ஓடையைப் பார்த்து, வாய்க்குள் ஏதோ முணுமுணுத்தது. "நான் ஜெயிச்சா தடநாளுக்கு மறுநாளே மடை திறக்கும். அதுல இருந்து அஞ்சாம் நாள் காலையில உன் புதரடியில தரை தெரியும். ஒரு நாள் முன்னப்பின்ன ஆகாது."

அன்று முழுவதும் வெள்ளைச்சாமி விடவில்லை.

"என்ன யோசிக்கிறே? முட்டைக்கு நல்லது நடக்கும்னு சொன்னவரை விட்டுட்டு, கெட்டது நடக்கும்னு சொன்னவருக்கா போடப் போறே? கேட்கறவங்க சிரிக்க மாட்டாங்க?"

"சிரிக்கட்டும்."

"கீரிக்கு நாமளே கதவைத் திறந்து விட்ட மாதிரி ஆகாதா?"

வடிவுக்கும் அந்தப் பயம் இருந்தது. ஒரு முட்டையை அலகால் தள்ளி, நடுவில் இருந்ததை ஓரத்துக்கும் ஓரத்தில் இருந்ததை நடுவுக்கும் மாற்றியது. பிறகு நிதானமாகச் சொன்னது.

"கேளுங்க. நீலமேகம் ஜெயிச்சா தண்ணி ஏறும். எப்போ ஏறும், எவ்வளவு ஏறும், அவருக்கே தெரியாது. நாம இங்க நம்பி உட்கார்ந்திருக்கும்போது அடியில தண்ணி வந்துரும். அப்போ ஆறு முட்டையையும் தூக்கிக்கிட்டு எங்க ஓடுவோம்? கொம்பையா ஜெயிச்சா தரை தெரியும். அஞ்சாம் நாள் காலையில தெரியும். அஞ்சு நாள் நமக்குக் கையில இருக்கு."

"அஞ்சு நாள்ல என்ன பண்ணுவே?"

"முள்ளு சுமப்பேன்."

வெள்ளைச்சாமி முள்ளைக் கவ்விப் பார்ப்பதுபோல அலகைத் திறந்து மூடிக்கொண்டது.

"அதோட," என்றது வடிவு, "அந்தக் கன்னுக்குட்டிங்க சேத்தை நக்குதுன்னு சொன்னாரே, அதுங்களுக்கும் அம்மா இருக்கும்ல?"

தடநாள் வந்தது. மருத மரத்தடியில் நீள வரிசை. நண்டு எட்டுக் காலையும் பதித்துவிட்டு எட்டு ஓட்டு என்று வாதாடியது. அம்பலவாணர் அதை ஒரு ஓட்டு என்று எழுதுவதற்குள் வெயில் ஏறிவிட்டது. வடிவின் முறை வந்தது. தட்டிக்குப் பின்னால் யாரும் இல்லை. இரண்டு பாத்திகள், ஈரமாக, வழவழ என்று. இடது பக்கம் பார்த்தபோது, "ஆறும் ஆறு ராசா மாதிரி வரும்" என்ற குரல் காதில் கேட்டது. எவ்வளவு இனிப்பான குரல்! வடிவு கண்ணை மூடிக்கொண்டது. வலது பாத்தியில் காலை நன்றாக அழுத்திப் பதித்துவிட்டு வந்தது.

அடுத்ததாக வெள்ளைச்சாமி போய்விட்டு வந்தது.

"நீங்க எந்தப் பக்கம்?" என்று கேட்டது வடிவு.

"தட்டி எதுக்குக் கட்டியிருக்கு? அதைக் கேட்கக் கூடாது!" என்று வெள்ளைச்சாமி வேறு பக்கம் பார்த்தது.

கடைசியாக யானை வந்து, எந்தத் தடமும் அழியாமல் பாத்தியின் மூலையில் பதமாகக் கால் வைத்துவிட்டுப் போனது. அம்பலவாணர் எண்ண ஆரம்பித்தார். எண்ணினார், எண்ணினார், மறுபடி முதலிலிருந்து எண்ணினார். கடைசியில் தலையை வெளியே நீட்டி, "கடமான் கட்சி! பதினெட்டுத் தடம் கூடுதல்!" என்றார்.

நீர்நாய்க் கட்சியார் உர்ரென்று முங்கிப் போனார்கள். மான் கட்சியார்கூட ஆட்டம் பாட்டம் எதுவும் போடவில்லை. மறுநாள் விடிந்ததும் கொம்பையா கொம்பால் கட்டையை நெம்பி மடையைத் திறந்தது. தண்ணீர் சலசலவென்று கீழ்க்காட்டைப் பார்த்து ஓடியது.

அன்றிலிருந்து வடிவுக்கு மூச்சுவிட நேரமில்லை. ஒருவர் அடையில் இருந்தால் இன்னொருவர் முள் சுமந்தார். இலந்தை முள், சூரை முள், எது கிடைத்தாலும் அலகில் கவ்விக்கொண்டு வந்து புதரைச் சுற்றிச் செருகினார்கள். வெள்ளைச்சாமி அலகெல்லாம் கிழிந்து, "ஓட்டுப் போட்டது ஒரு நிமிஷம், முள்ளு சுமக்கிறது அஞ்சு நாளா!" என்று புலம்பிக்கொண்டே சுமந்தது. தாங்கள் போய் வர மட்டும் மேலே கோரையை வளைத்து ஒரு வழி வைத்தார்கள். அந்தக் கோரை ஒரு கானாங்கோழியைத் தாங்கும். அதற்கு மேல் கனமான எதையும் தாங்காது.

மாரிக்கனியும் சும்மா இருக்கவில்லை. குழி நிறையாது என்று தெரிந்துவிட்டதே! அதற்குள் பொரிந்துவிட்ட தலைப்பிரட்டைகளை முதுகில் ஏற்றி ஏற்றிக் கீழே பள்ளத்துத் தண்ணீருக்குக் கொண்டுபோனது. வடிவைப் பார்க்கும்போதெல்லாம், "உன்னாலதான் மதினி எனக்கு இந்த வேலை!" என்று திட்டும். திட்டிவிட்டு, "அந்த இடது பக்கம் முள்ளு குறைவா இருக்கு, பாரு" என்று சொல்லிவிட்டுப் போகும்.

ஐந்தாம் நாள் காலையில் வடிவு எட்டிப் பார்த்தது. புதரடியில் தண்ணீர் இல்லை. ஈரத் தரை வெயிலில் மினுங்கியது.

அன்று மத்தியானமே கீரி வந்தது.

"என்ன வடிவு, சௌக்கியமா? உன்னை வந்து பார்க்கணும்னு எத்தனை நாள் ஆசை! இந்தத் தண்ணிதான் விடலை!"

"வாங்க" என்றது வடிவு, முட்டையை விட்டு எழுந்திருக்காமல்.

"உள்ள வரலாமா?"

"தாராளமா. முள்ளு பார்த்து வாங்க."

கீரி ஒரு பக்கம் மூக்கை நுழைத்தது. சுருக்கென்று குத்தியது. மறுபக்கம் நுழைத்தது. காதில் குத்தியது. சுற்றிச் சுற்றி வந்தது. மேலே கோரை வழியாக ஏறிப் பார்த்தது. கோரை மடங்கி, கீரி முள்ளின்மேலேயே விழுந்தது!

"ஐயோ! ஐயோ!" என்று கத்திவிட்டு, காலை நக்கிக்கொண்டே கேட்டது. "தண்ணி இன்னிக்குத்தானே வடிஞ்சுது! இவ்வளவு முள்ளை எப்போ சுமந்தே?"

"நீங்க இன்னிக்கு வருவீங்கன்னு முன்னாடியே தெரியும்."

"யார் சொன்னது?"

"ஓட்டுக் கேட்க வந்தவர் சொன்னார்."

"ஓட்டுக் கேட்க வந்தவரா? உண்மையையா சொன்னார்?" கீரிக்கு நம்பிக்கையே வரவில்லை. தலையை ஆட்டிக்கொண்டே போனது.

அது அதோடு விட்டுவிடவில்லை. மறுநாளும் வந்தது. மூன்றாம் நாள் மண்ணைத் தோண்டி அடிவழியாக வரப் பார்த்தது. வெள்ளைச்சாமி பின்னால் வந்து வாலில் ஒரு கொத்துக் கொத்தி, ஊரைக் கூட்டிவிட்டது. அன்றைக்கு அந்தப் பெரிய குரல் நன்றாகத்தான் உதவியது! வடிவும் அன்றே அடியில் கூழாங்கல்லும் முள்ளும் வைத்து அடைத்தது. கைக்கெட்டிய தூரத்தில் இருந்தும் தின்னக் கிடைக்காமல் கீரி சலித்துப்போய், வேறு கரைக்குப் போய்விட்டது.

பொரிய வேண்டிய நாள் விடியும்போது முதல் முட்டையில் விரிசல் விட்டது. பொழுது ஏறுவதற்குள் ஆறும் பொரிந்துவிட்டன. கரிக்கட்டை போலக் கறுப்பாக ஆறு குஞ்சுகள்! ஈரம் காய்ந்ததும் நடக்க ஆரம்பித்துவிட்டன. தண்ணீர் தள்ளிப் போயிருந்ததால், குளம் வரைக்கும் வெகுதூரம் நடக்க வேண்டியிருந்தது. வடிவு ஒரு பக்கத்து முள்ளை விலக்கி முன்னால் போக, ஆறும் பின்னால் உருண்டு உருண்டு வந்தன. தண்ணீர்க் கரையில், தண்ணீர் வந்த வழியைத் தேடி மேலேறி வந்த கீழ்க்காட்டு மான்கன்று ஒன்று நின்று குடித்துக்கொண்டிருந்தது. அது கொஞ்சம் தள்ளி நின்று குஞ்சுகளுக்கு இடம் விட்டது.

தலைவர் தனக்குத் தந்த வாக்கை மட்டும் தனியே வைத்து மகிழாமல், அடுத்த வீட்டுக்கு அவர் தந்த வாக்கையும் பக்கத்தில் வைத்துப் பார்த்து ஓட்டுப் போடுகிறவர் ஏமாற மாட்டார்.